நாலு கிலோ இருநூறு கிராம்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் போனை நான் எடுக்காதது கோபத்தால்தான், அதை மறைக்கப் போவதில்லை. போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், கடைசியில் இரண்டு பேரும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவோம். தாளில் எழுதினால் முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். தொழில் துறை அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படித்துத்தானே சம்பளம் வாங்குகிறாய்? இதையும் ஒரு கோப்பு என்று நினைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனாய். உன் மருமகன், என் பையன், உன்னைக் கிண்டல் செய்ததாக நினைத்தாய். அவன் தன் தீயணைப்பு நிலையத்துக்கு வந்திருக்கும் புது மூச்சுக் கருவியைக் காட்டினான், அவ்வளவுதான். முதுகில் மாட்டிக்கொண்டு நம் மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்கினான். நாலாவது தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இருபத்தாறு வயதுத் தீயணைப்பு வீரன். "இதுக்குள்ள என்ன மாமா, உங்க மந்திரியவே வச்சுத் தச்சுட்டாங்களா?" என்று கேட்டான். நீ கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டாய்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் அந்தக் கருவியைப் பூட்டும் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை. ஓர் இரும்புத் தகடு. நாலு கிலோ இருநூறு கிராம். முதுகுச் சட்டத்துக்குள் எட்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கிறது. அது காற்றும் தராது, நெருப்பையும் தடுக்காது. உன் விதியை மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கருவியில் அறுபது சதவீதம் உள்நாட்டுப் பொருள் இருந்தால்தான் அரசாங்கம் வாங்கும் என்றாய். சரி, நல்லது. அந்த அறுபதை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதினாயே, அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சிலிண்டர், மாஸ்க், வால்வு எல்லாம் இன்னும் கப்பலில்தான் வருகின்றன. நாங்கள் செய்யும் சட்டமும் பெல்ட்டும் குழாயும் சேர்த்து நாற்பத்து மூன்று சதவீதம் தேறும். மீதிக்கு இரும்பு.

சுமை கூடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் காற்று சீக்கிரம் தீரும். முப்பது நிமிடக் காற்று இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்கிறது என்று நிலையத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கழற்றிப் போடவும் முடியாது. ஆய்வாளரின் முத்திரை உடைந்தால், உள்ளே போனவனுக்கு ஏதாவது ஆனாலும் இழப்பீடு கிடையாது. பழைய வெளிநாட்டுக் கருவிகளையோ ஒரே நாளில் லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

உன் அத்தான் போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். விதியை மாற்று.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மந்திரி விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவன் சின்னப் பையன் இல்லை, பேசத் தெரிய வேண்டும்.

எடை ஏன் என்று கேட்கிறாய். முன்பு விலையை வைத்துத்தான் கணக்கிட்டோம். ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனி முழு பம்பையும் வெளியிலிருந்து பெட்டியோடு இறக்கியது. இங்கே லேபிள் ஒட்டியது. அந்த ஒட்டும் வேலைக்குப் பம்பின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பில் போட்டு, "எழுபது சதவீதம் உள்நாடு" என்று மானியம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கோப்பை நான்தான் பார்த்தேன். என் கையெழுத்து அதில் இருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன். பில் பொய் சொல்லும். தராசு லஞ்சம் வாங்காது.

நாலு வருடத்துக்கு முன்னால் உன் தொழிற்சாலை வாசலில் பூட்டுத் தொங்கியதை மறந்துவிட்டாயா? கேஸ் அடுப்பு வால்வு செய்துகொண்டிருந்தீர்கள், மலிவுச் சரக்கு வந்து அடித்துக்கொண்டு போனது. நானூறு பேர் தெருவில் நின்றீர்கள். இந்தத் திட்டம்தான் பூட்டைத் திறந்தது. கடன், நிலம், நிச்சயமான ஆர்டர், எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. எந்த நாடும் முதல் நாளே நல்ல பொருள் செய்துவிடவில்லை, அக்கா. கதவைச் சாத்திக்கொண்டு, மோசமாகச் செய்து, கற்றுக்கொண்ட பிறகு திறந்தவர்கள்தான் இன்று நமக்கு விற்கிறார்கள். நமக்கும் அந்த ஐந்து வருடம் வேண்டும்.

இப்போது ஒரு விதியைத் தொட்டால், வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் மொத்தத் திட்டத்தையும் குப்பையில் போடச் சொல்வார்கள். காத்துக்கொண்டிருக்கிறார்கள். நிதித் துறையிலும் அவர்களுக்குத் தலையாட்ட ஆள் உண்டு.

இன்னொன்று. தகடு வைக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. எந்தப் புத்திசாலி அதைக் கண்டுபிடித்தானோ அவனைப் போய்க் கேள்.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பிக்கு,

அந்தப் புத்திசாலி நான்தான்.

முதல் ஆய்வுக்கு உன் ஆட்கள் இருவர் தராசோடு வேனில் வந்தார்கள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். நாற்பத்து மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாதக் கடைசிக்குள் அறுபது வராவிட்டால் ஆர்டர் ரத்து. மேலாளர் அறையில் எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? "பேசாம முதுகுல ஒரு இரும்புத் தகட்ட வச்சு மூடிருங்க சார், அதுவும் நம்மூரு இரும்புதானே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வரைபடம் வந்தது. மூலையில் "முதுகு உறுதிப்படுத்தும் தகடு" என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். சிறந்த யோசனைக்குப் பரிசு என்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். ஆர்டர் தப்பித்த சந்தோஷத்தில் எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கருவி எந்த நிலையத்துக்குப் போகும், யார் முதுகில் ஏறும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. நீ உன் பம்ப் கையெழுத்தைச் சொன்னாய். இது என் கையெழுத்து.

ஐந்து வருடத்தில் கற்றுக்கொள்வோம் என்கிறாயே, கற்றுக்கொண்டதையும் கேள். எங்களிடம் ஓர் ஆராய்ச்சி அறை இருந்தது. வரைபடம் போடும் பெரியவரும் இரண்டு பெண் பொறியாளர்களும் எட்டு மாதம் உழைத்துச் சொந்தமாக ஒரு வால்வு செய்தார்கள். மொத்தம் முந்நூறு கிராம். கருவிக்கு உயிரே அந்த வால்வுதான். வெளிநாட்டு வால்வோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தோம், ஒரு குறை இல்லை. மேலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதைத் தயாரிக்கப் புது இயந்திரம் வேண்டும். அவ்வளவும் செய்தால் உன் தராசில் மூன்று சதவீதம் ஏறும். தகட்டுக்கு ஒரே நாளில் பதினேழு ஏறியது. அப்புறம் எந்த மடையன் வால்வு செய்வான்?

அந்தப் பெண்களில் ஒருத்தி வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சி அறையில் இப்போது தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

உன் தராசு லஞ்சம் வாங்காது, ஒப்புக்கொள்கிறேன். மூளையை அதில் எப்படி நிறுப்பது என்று சொல்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

வால்வு விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் தூங்கவில்லை. அதை யாரும் எனக்கு எழுதவில்லை, எழுத வேண்டும் என்று நானும் எங்கும் கேட்கவில்லை.

ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிச் செயலாளரிடம் நேரில் கொண்டுபோனேன். எடைக்குப் பதிலாக என்ன செய்யலாம், புதிதாகக் கண்டுபிடித்த பாகத்துக்கு எப்படி மதிப்புப் போடலாம் என்று எல்லாம் எழுதியிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. படித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான். ஆனா நாமளே போட்ட விதிய ஒரே வருஷத்துல நாமளே தப்புன்னு சொன்னா, யார் பதில் சொல்றது?" என்றார். குழு போடுவார்கள். நிதி, சட்டம், வணிகம், மூன்று துறையும் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது ஆறு மாதம் ஆகும்.

ஆறு மாதத்தை என்னால் சுருக்க முடியாது. ஒன்று மட்டும் என்னால் முடியும். தவறாக எடுத்துக்கொள்ளாதே. தீயணைப்புத் துறையில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் ரேடியோவில் உட்காரும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. மருமகனை அங்கே மாற்றிவிடலாம். வழக்கமான மாற்றல் போலவே இருக்கும், அவனுக்குத் தெரியாது. விதி மாறிய பிறகு பழையபடி போய்க்கொள்ளட்டும்.

அவன் பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியவன் நான். நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

நாலு தடவை வேண்டாம் என்று எழுதிக் கிழித்தேன்.

சரி.

அவனிடம் சொல்லாதே.

அக்கா

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

மாற்றல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் தொப்பியைக் கட்டிலில் விட்டெறிந்தான். "என்னம்மா இது, கை கால் நல்லா இருக்கறவன கொண்டுபோய் நாற்காலில உக்கார வைக்கிறாங்க" என்று இரண்டு நாள் புலம்பினான். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "மேலதிகாரி சொன்னா கேட்டுக்கணும்டா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

தீயணைப்பு வீரர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் தீக்குள் போவார்கள். இவன் ஜோடி நெட்டை. நீ பார்த்திருக்கிறாய், வாசல் நிலையில் தலை இடிக்காமல் நம் வீட்டுக்குள் அவனுக்கு வரவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தான். "ஏம்மா, உங்க புள்ளைக்கு ஏசி ரூமு, எனக்கு உங்க இரும்புப் பொட்டி. இது என்னம்மா நியாயம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். புது ஜோடி கற்றுக்குட்டியாம், பாதிச் சுமையை இவனே தூக்க வேண்டியிருக்கிறதாம். மூன்றாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், தம்பி. அவளுக்குத்தான் துறையில் தெரிந்த ஆள் இல்லை.

குழு என்ன ஆயிற்று?

அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

முதல் கூட்டம் நடந்தது. வணிகத் துறை ஆள் வரவில்லை, அதனால் முடிவு எடுக்கவில்லை. குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் போனது. சிரிக்காதே, நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கூட்டம் ஜூன் கடைசியில்.

நெட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லாரையும் மாற்ற என்னால் முடியுமா? நீயே சொல். நம்மால் முடிந்ததைச் செய்தோம்.

தம்பி

*

மே 25

தம்பிக்கு,

நீ செய்தியில் பார்த்திருப்பாய். ஏழு மாடித் துணிக் கிடங்கு, பகல் பதினொரு மணி. செத்தது நெட்டை.

செய்தியில் வராததை எழுதுகிறேன். ஆறாவது மாடியில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்களைக் கீழே அனுப்பினான். கற்றுக்குட்டிக்குக் காற்று குறையும் விசில் அடித்ததும் அவனையும் அவர்களோடு அனுப்பினான். கடைசியாக இவன் இறங்கினான். நாலாவது மாடித் திருப்பத்தில் புகைக்குத் தப்பக் குனிந்தவனால் அப்புறம் நிமிர முடியவில்லை. கண்டெடுத்தபோது சிலிண்டர் காலி. காற்று தீர்ந்தபோது உள்ளே போய் இருபத்தொரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அன்றைக்கு ரேடியோவில் உட்கார்ந்திருந்தது உன் மருமகன்.

நெட்டையின் கடைசிப் பேச்சைக் கேட்டது அவன்தான். "மாப்ள, எந்திரிக்க முடியலடா. முதுகுல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றானாம். இவன் நாற்காலியில் இருந்தபடியே, "கழட்டிப் போடுடா, பெல்ட்ட அவுருடா" என்று கத்தியிருக்கிறான். கழற்றினால் மாஸ்க்கும் போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கப்புறம் நாலு நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். அதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

சவ அடக்கத்தில் நிலைய அதிகாரி துக்கத்திலோ கோபத்திலோ சொல்லிவிட்டார், "ஒங்க மாமா போன் பண்ணலன்னா அந்தப் படியில நீயும் இருந்திருப்படா" என்று. வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். எழுந்து துணியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டான். அங்கேயே தங்குகிறான்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நாம் நம் பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டு ஊரான் பிள்ளையை உள்ளே அனுப்பினோம்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரமாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விதி மாறிவிட்டது. எடைக் கணக்கு இனி இல்லை. பாகத்தின் மதிப்பு, அதை யார் வடிவமைத்தார்கள் என்பது, வெளித் தணிக்கை, எல்லாம் சேர்த்துப் புது முறை. உங்கள் வால்வுக்கு அதில் முப்பது சதவீதம் கிடைக்கும். தகடுகளைக் கழற்ற உத்தரவு போட்டாயிற்று. தீ விபத்துக்கு மறுநாள் அமைச்சர் கேட்டார், மூன்றாம் நாள் எல்லாத் துறையும் கையெழுத்துப் போட்டுவிட்டது. நான் மார்ச்சில் எழுதிய அதே ஒரு பக்கம்தான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. தேதியை மட்டும் மாற்றினேன்.

ஆறு மாதம் என்று உன்னிடம் சொன்னபோது அதை நான் நம்பினேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. செயலாளரின் மேசை மேல் கையை ஓங்கி அடித்திருந்தால், பத்திரிகைக்காரன் ஒருவனிடம் சொல்லியிருந்தால் என்று இப்போது தோன்றுகிறது. நான் பண்பாகக் குறிப்பு எழுதினேன். பண்பாகக் காத்திருந்தேன்.

கழற்றும் வேலை உன் பிரிவில்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டேன். மருமகன் பழைய வேலைக்கே திரும்பிவிட்டான் என்றும் தெரியும். அவன் நிலையத்தின் கருவிகளை முதலில் அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லட்டுமா?

இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விசாரணையில் தகட்டைப் பற்றிச் சொல், விதியைப் பற்றிச் சொல். அந்த மாற்றல் பேச்சு மட்டும் வேண்டாம். திட்டத்துக்கு இன்னும் எதிரிகள் இருக்கிறார்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

தம்பி

*

ஜூன் 24

தம்பிக்கு,

நெட்டை வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. அவன் அம்மா தையல்காரி. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "உங்க பையனாவது அன்னைக்கு உள்ள போகாம இருந்தானே, அதுவரைக்கும் சந்தோஷம்மா. எம்புள்ள அவன் மேல உசுரையே வச்சிருந்தான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நானும் தரையில் இறங்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டை, உன் தொலைபேசி அழைப்பை, நான் எழுதிய அந்தச் "சரி"யை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவளிடம் சொன்னதை விசாரணையிலும் சொன்னேன். மாற்றலையும் சேர்த்துத்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருக்கக் கூடாது. உன் வேலை போகலாம், என் வேலையும் போகும். மேலாளர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிகாரத்தைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திட்டத்துக்கு எதிரிகள் என்கிறாய். உன் திட்டம் நல்லதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன், அந்த வால்வை என் கையால் தொட்டுப் பார்த்தவள் நான். ஆனால் உண்மையைச் சொன்னால் விழுந்துவிடும் என்றால் அது எத்தனை நாள் நிற்கும்?

நானும் இரண்டு பெண்களும்தான் கழற்றுகிறோம். முத்திரையை வெட்டி, எட்டு ஸ்க்ரூவைத் திருகி, தகட்டை எடுத்து, குழாயைத் திரும்ப மாட்டி, அழுத்தம் சோதித்து, மறுபடி முத்திரை. ஒரு நாளைக்கு இருபத்தெட்டுக்கு மேல் முடியவில்லை. மொத்தம் நாற்பத்தாறு நிலையம், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கருவி. தீயணைப்புத் துறையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை அனுப்பினார்கள். தங்கள் முறை வரும்வரை பழைய சுமையோடுதான் உள்ளே போகிறார்கள். தீ காத்திருக்குமா?

உன் மருமகன் நேற்று போன் செய்தான். ஒரு மாதத்தில் முதல் தடவை. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "வரிசைல கை வைக்காதம்மா. வச்சன்னு தெரிஞ்சா அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றான். சரிப்பா என்றேன். வைத்துவிட்டான். எத்தனை சரி சொல்லியிருக்கிறேன் நான். இது ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும்.

இன்று பத்தொன்பதாவது நிலையம் முடிந்தது. வரிசையில் அவன் நிலையம் நாற்பத்தொன்றாவது. மதியம் தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது, ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து விழுந்துவிட்டது. பெண்கள் இருவரும் என்னைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

வரிசைத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. பென்சிலில் எழுதியது. இரண்டு எண்களை அழித்து மாற்றி எழுத அரை நிமிடம் போதும். நான் அதைத் தொடவில்லை. நீயும் தொடாதே.

அக்கா